தாழ்வாரமா, பூங்காப் பாத்தியா, சமூகத் தோட்டமா? வீவக வீட்டுக்காரர் செடி வைக்க எந்த இடம் சரி

தரை வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்கள் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வாழை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் இருக்கிற நம்மில் பெரும்பாலோருக்குத்தான் இந்தக் குழப்பம். வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் தொட்டி வைக்கலாம். வீட்டுக்குள் சன்னலோரத்தில் வைக்கலாம், விளக்கு போட்டும் வளர்க்கலாம். தேசியப் பூங்காக் கழகத்திடம் பூங்காவில் ஒரு பாத்தியை வாடகைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். கீழே புல்தரை சும்மாதானே கிடக்கிறது என்று நகர மன்றத்தைக் கேட்காமல் குழி தோண்டினால், வைத்த செடி எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அதை ஐந்தாவது வழியாக நான் எண்ணவில்லை.

நாம் வழக்கமாகச் செடியைத்தான் முதலில் முடிவு செய்கிறோம். கறிவேப்பிலை வேண்டும், துளசி வேண்டும், நாலு வெண்டைச் செடி, பூ கட்ட ஒரு மல்லிகை. வாங்கி வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற பேச்சே வரும். இதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? அங்கே போய்வர உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் நான்கு வழிகளில் எது உங்களுக்கு என்பதில் பாதி முடிவாகிவிடும். நர்சரியில் எதை வாங்குவது, எதை ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது என்பதும் தெரிந்துவிடும்.

வெயில் எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் இங்கே ஆடிப்பட்டம், தைப்பட்டம் எதுவும் பார்க்க வேண்டாம், எப்போது விதைத்தாலும் ஒன்றுதான் என்பார்கள். திறந்தவெளிப் பாத்திக்கு அது பெரும்பாலும் சரி. தாழ்வாரத்துக்கு அது பொருந்தாது.

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஜூன், டிசம்பர் மாதங்களில் அந்தச் சாய்வு 20 பாகையைத் தாண்டும். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் குலை குலையாகக் காய்த்த பச்சை மிளகாய், நவம்பர் பிறந்ததும் பூவை உதிர்த்துவிட்டு, கணுவுக்குக் கணு நீண்டு, வெளிச்சத்தைத் தேடிக் கம்பிப் பக்கம் சாய்வது இதனால்தான். அப்போது உரத்தை அள்ளிப் போட்டுப் பயனில்லை. பூச்சி மருந்தும் வேண்டாம். அந்தப் பக்கச் சுவருக்கு அடுத்த மார்ச் வரை நேர் வெயில் கிடையாது, அவ்வளவுதான். மேற்கு வெயில் வீட்டுக்குள் அடிக்காமல் இருக்கப் பல புளோக்குகளை வடக்கு, தெற்குப் பார்த்தே கட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு நல்லது, மிளகாய்ச் செடிக்கு ஆறு மாதப் பட்டினி.

கிழக்குப் பார்த்த தாழ்வாரம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆண்டு முழுக்கக் காலை வெயில், பதினொரு மணிக்கு மேல் நிழல். கீரையும் துளசியும் கறிவேப்பிலையும் கேட்பது அதைத்தான். மேற்குப் பக்கம் அப்படியில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டால் கை சுடும், உள்ளே வேர் வெந்துவிடும். அங்கே புதினா வைத்தால் துவண்டு போகும். செம்பருத்தி, வெண்டை, சங்குப்பூ தாங்கும்.

திசை நன்றாக இருந்தும் தொட்டி வைக்கிற இடத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவர் ஏறக்குறைய இடுப்பு உயரம். அதன் அடியில் தரையில் தொட்டியை வைத்தால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் செடி அந்தச் சுவரின் நிழலில்தான் நிற்கும். வெயில் சுவருக்கு மேலாக நுழைந்து, வீட்டுச் சுவரின் ஓரத்தில் போய் விழுகிறது. ஆகவே தொட்டிகளை வீட்டுச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத் தாங்கியின் மேல் வைப்பதே மேல். கைப்பிடிச் சுவருக்கு மேலே மட்டும் எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள். காற்று ஒரு தடவை பலமாக வீசினால் போதும், பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி யார் தலையிலாவது இறங்கும்.

வெயிலை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை அந்த இடத்தில் வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் நேர் வெயில். மங்கி, கலைந்து தெரிந்தால் வெறும் வெளிச்சம். மழையில்லாத நாளில் மணிக்கு ஒரு முறை பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வெண்டை, கத்தரி, மிளகாய், பயற்றங்காய், மல்லிகை. மூன்று நான்கு மணி நேரம் என்றால் தண்டுக்கீரை, கங்கோங் கீரை, கொடிப்பசலை, துளசி, கறிவேப்பிலை. அதற்கும் குறைவென்றால் பாண்டான் (வாசனை இலை), வெற்றிலை, லக்சா இலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, சாயோர் மானிஸ் என்று சந்தையில் விற்கும் தவசி முருங்கை. பூ வேண்டும் என்பவர்களுக்குக் கனகாம்பரம் பாதி நிழலிலும் பூக்கும்.

தாழ்வாரம்: சமையலறைக்குப் பக்கம், சட்டத்துக்கும் பக்கம்

தாழ்வாரத்தின் பலம் ஒன்றே ஒன்று, அது போதும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரத்தில் கதவைத் திறந்து நாலு இணுக்குக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு வரலாம். மற்ற மூன்று வழிகளில் வீட்டுக்குள் வளர்ப்பது மட்டுமே இந்த வசதியில் போட்டிக்கு நிற்கும், அதுவும் கறிவேப்பிலைக்கு ஆகாது. தினம் இரண்டு தடவை செடியைக் கடந்து போகிறோம் என்பதால் மாவுப்பூச்சி ஒட்டியிருந்தாலும் அன்றைக்கே கண்ணில் படும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் முடிந்தது. பூங்காப் பாத்தியில் அதே மாவுப்பூச்சியை அடுத்த சனிக்கிழமை பார்ப்பீர்கள். அதற்குள் தண்டு முழுக்க வெள்ளையாகியிருக்கும்.

விதிகள் இரண்டு. முதலாவது, தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். இது குடிமைத் தற்காப்புப் படையின் தேவை. நகர மன்ற ஆட்கள் அளவு நாடாவோடு வந்தால் பேச இடமிருக்காது. பழைய புளோக்குகளில் சில தாழ்வாரங்கள் குறுகலானவை, அங்கே ஒரு வரிசைத் தொட்டிக்குக்கூட இடம் இராது. கடைசி வீடு, முனை வீடு என்பவர்களுக்குக் கொஞ்சம் தாராளம். ஆனாலும் தாழ்வாரம் பொது இடம்தான், நம் சொத்து இல்லை.

இரண்டாவது கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் அதற்கு அரண்மனை. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து புழுவைக் கண்டுபிடித்தால் வீட்டுக்காரருக்கு முதல் தடவையே 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். நான் தாழ்வாரத்தில் தட்டே வைப்பதில்லை. தொட்டியைச் செங்கல் துண்டுகள்மேல் தூக்கி வைத்து, தண்ணீரைக் குறைவாக இரண்டு முறையாக ஊற்றினால் வழிவது குறையும். தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் அதை மணலால் நிரப்பிவிடுங்கள். இன்னும் இரண்டு இடங்கள் கண்ணில் படாமல் போகும். பாண்டான் இலைகள் தண்டோடு சேரும் இடுக்கில் தண்ணீர் நிற்கும். மேல்மண் இறுகிப் போனால் அதன் மேலேயே சின்னக் குட்டை உருவாகும். வாரம் ஒரு தடவை முள்கரண்டியால் மண்ணைக் கிளறிவிட்டால் இரண்டாவது பிரச்சினை தீர்ந்தது.

கறிவேப்பிலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வீடுகளில் தாழ்வாரத் தோட்டம் பெரும்பாலும் அந்த ஒரு செடியிலிருந்துதான் தொடங்குகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது தெரிந்த கடைக்காரர் ஒரு கைப்பிடி இனாமாகவே போட்டுத் தருவார். பணக் கணக்குப் பார்த்தால் வளர்க்கவே வேண்டாம். கிள்ளிய இலைக்கும் குளிர்பெட்டியில் ஒரு வாரம் கிடந்த இலைக்கும் மணத்தில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் வளர்ப்பது. ஒரு அடி அகலத் தொட்டி குறைந்தபட்சம் வேண்டும். செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக மேலே போய் உச்சியில் மட்டும் இலை விடும். பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், காய்க்க ஆரம்பித்தால் தளிர் குறைந்துவிடும். இலையைத் தனித்தனியாக உருவக் கூடாது, இணுக்கோடு ஒடிக்க வேண்டும். ஒடித்த இடத்துக்குக் கீழேயிருந்து புதுக்கிளை வரும்.

புளித்த மோர் ஊற்றுவது நம் பாட்டிமார்கள் வழக்கம். ஊற்றலாம், ஆனால் தாழ்வாரத்தில் அதை நன்றாக நீர்க்கவிட்டு, மண்ணில் மட்டும், இரவில் ஊற்றுங்கள். புளிப்பு வாடை மூன்று வீட்டுக்குப் போகும். எறும்பும் வரும், எறும்பு வந்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் பின்னாலேயே வரும்.

திடீரென்று ஒரு நாள் இலையெல்லாம் நடு நரம்பு மட்டும் மிச்சமாகக் காணப்பட்டால், தண்டோரம் உற்றுப் பாருங்கள். பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமில்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை இனச் செடிகளில் முட்டையிடும் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையையும் விடுவதில்லை, எட்டாவது மாடிக்கும் ஏறி வரும். வளர்ந்த புழு பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல் ஒன்றை நீட்டி, வாடை அடிக்கும். சின்னச் செடியை இரண்டு புழுக்கள் மூன்று நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து அடிக்கத் தேவையில்லை, கையால் எடுத்துவிடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்றை விட்டுவைத்து, கூடு கட்டும் வரை பார்க்கவிடுங்கள். செடி மறுபடி தளிர்க்கும்.

தாழ்வாரத்தில் ஆகாதவையும் உண்டு. தக்காளிக்கு இங்கத்து இரவுச் சூடே ஆகாது, பூத்துப் பூத்து உதிரும். குட்டித் தக்காளி வகைகள் பரவாயில்லை, அவையும் முழு வெயில் கேட்கும். பாகல், பீர்க்கு போன்ற கொடிகளுக்கு உயரத்தில் தேனீ வருவது அரிது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவிவிட வேண்டும். கொத்தமல்லி கொஞ்சம் வளர்ந்ததும் சூட்டில் பூத்துவிடும். விதையை இரண்டாக உடைத்து நெருக்கமாகத் தூவி, விரல் நீளம் வந்ததும் மொத்தமாக அறுத்துவிடுவதே இங்கே புத்திசாலித்தனம்.

அக்கம்பக்கம் என்ற விஷயமும் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் கீழ் வீட்டுத் துணியில் சொட்டினால் அன்றோடு உறவு முறிந்துவிடும். எங்கள் மாடியில் இருக்கும் மலாய்க்கார மாக்சிக்கிடம் (பெரியம்மாவிடம்), "நாசி லெமாக் சோற்றுக்கு வேணும்னா நீங்களே கிள்ளிக்கோங்க" என்று பாண்டானைக் காட்டிச் சொன்னதிலிருந்து, நான் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை. சொல்ல மறந்துவிட்டேன், அப்படி ஊருக்குப் போய்வரும்போது அம்மா கொடுத்த செடியை வேரும் மண்ணுமாகப் பையில் சுருட்டிக் கொண்டுவராதீர்கள். இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்குள்

நீளமாக எழுத ஒன்றுமில்லை. சன்னல் கண்ணாடிக்கு உள்ளே வரும் வெளிச்சத்தில் காய்கறி காய்க்காது. எல்இடி வளர்ப்பு விளக்கு போட்டால் கீரை வரும். 40 வாட் விளக்கை நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதம் 14 யூனிட் சொச்சம். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் நாலு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கிடைக்கிற சாலட் இலையைப் பேரங்காடியில் அதே விலைக்கோ குறைவாகவோ வாங்கலாம். மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில் வளர்க்கும் பெட்டிகள் பார்க்க அழகு, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செயல்திட்டத்துக்கு உதவும். பெட்டியின் மூடியில் இடைவெளி இருந்தால் உள்ளே தேங்கியிருப்பது அதே கொசுத் தண்ணீர்தான்.

இதில் விதிவிலக்கு வெந்தயக்கீரை. சமையலறை வெந்தயத்தையே இரவு ஊறவைத்து, சாப்பாடு வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, இரண்டு விரல் மண்ணில் நெருக்கமாகத் தூவினால், பத்து நாளில் இளங்கீரையாக வெட்டிக்கொள்ளலாம். விளக்கு வேண்டாம், சன்னலோரம் போதும். வெயிலே இல்லாத வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே பயிர் இதுதான்.

பூங்காப் பாத்தியும் சமூகத் தோட்டமும்

கையில் மண் ஒட்ட வேண்டும், காய் காய்க்க வேண்டும் என்பவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பூங்காப் பாத்தித் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் அலெக்சாண்டிரா சாலையிலுள்ள ஹோர்ட்பார்க்கில் 2016-ல் சோதனையாகத் தொடங்கியது. இப்போது பொங்கோல் பூங்கா, பீஷான் அங் மோ கியோ பூங்கா உட்படப் பல இடங்களில் இருக்கிறது. பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது. வாடகை ஆண்டுக்கு 60 வெள்ளியைச் சுற்றி. மூன்று ஆண்டுக்குக் கொடுப்பார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல்தான். சமூகத் தோட்டங்களைக் கழகம் 2005-ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ இயக்கம் வளர்த்துவிட்டது, தீவு முழுவதும் 2,000-க்கு மேல் இருக்கின்றன. குடியிருப்புப் பேட்டைகளில் இருப்பவற்றைப் பெரும்பாலும் வசிப்போர் குழுக்கள் கவனித்துக்கொள்கின்றன. சேர வேண்டுமென்றால் குழுவிடமோ சமூக மன்றத்திலோ கேட்டால் போதும். சிலவற்றில் ஆளுக்கொரு பாத்தி, சிலவற்றில் எல்லாம் பொது.

காகிதத்தில் பார்த்தால் பாத்தி மலிவு. மாதம் ஐந்து வெள்ளிக்கு முழு வெயில், சொந்த மண், என்ன வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 மீட்டர் நீளத்தில் ஒரு வரிசைக்கு ஆறு செடி நிற்கும். விதைத்து 50, 60 நாளில் காய்ப்புக்கு வரும். பூ உதிர்ந்து நாலைந்து நாளில் காய் பறிக்கப் பதமாக இருக்கும். இன்னும் மூன்று நாள் விட்டால் கத்தி இறங்காது, நார்தான். அதாவது ஒன்றுவிட்டு ஒரு நாள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தீவின் வடக்கே ஈசூனில் வீடு, தெற்கே ஹோர்ட்பார்க்கில் பாத்தி என்றால் எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் மாறிப் போய்வருவதற்கே மாலைப் பொழுது போய்விடும். வாடகை 60 வெள்ளிதான், ஆனால் பயணத்துக்கும் நேரத்துக்கும் அதைப்போல் பல மடங்கு போகும். வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்துக்குள் போக முடியாத பாத்திக்கு விண்ணப்பிக்காதீர்கள் என்றே நான் சொல்வேன்.

வாரம் ஒரு முறைதான் போக முடியும், ஆனாலும் பாத்தி வேண்டும் என்றால் பயிரை மாற்றுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மஞ்சள், இஞ்சி, லெங்குவாஸ் (பேரரத்தை), எலுமிச்சைப்புல். இவற்றுக்கு அவசரம் கிடையாது. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் மே மாத வாக்கில் கிழங்கை நட்டுவிட்டால் சரியாக வரும். முருங்கையை மட்டும் பாத்தியில் வைக்காதீர்கள். இரண்டரை சதுர மீட்டரில் அதன் நிழல் பக்கத்துக்காரர் பாத்தியில் விழும், மூன்று ஆண்டில் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தில் மரம் எதற்கு?

சமூகத் தோட்டத்தில் இந்தப் பயணச் செலவு இல்லை, மின்தூக்கியில் இறங்கினால் தோட்டம். ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவர் தண்ணீர் ஊற்றுவார். முருங்கை, வாழை, பப்பாளி போன்ற இடம் கேட்கும் செடிகளை வைக்க வீவகவாசிக்கு உள்ள ஒரே வழியும் இதுதான். பாடமும் இங்கேதான் கிடைக்கும். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் தரைக்கு இரண்டு விரல் மேலே வெட்டினால் மறுபடி மறுபடி துளிர்க்கும் என்பதை ஒரு சீன ஆண்ட்டி கையைப் பிடித்துக் காட்டுவார். பயற்றங்கொடிக்கு மூங்கில் நட்டால் அதன் வாயை மணலால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் நின்று கொசு வைக்கும் என்று பல ஆண்டு பழகிய அங்கிள் ஒருவர் சொல்வார். புத்தகத்தில் இருப்பதைவிட இந்த மண்ணுக்கு ஏற்ற அறிவு அது.

விலையும் உண்டு. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் வைத்தது உங்களுடையது இல்லை. நான் போகும் தோட்டத்தில் மூத்தவர் ஒருவர் புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "தங்கச்சி, நட்டவங்க ஒருத்தரு, பறிக்கிறவங்க ஒருத்தரு. அது மனசுக்குச் சரின்னா வா." பழுக்கட்டும் என்று விட்டுவைத்த பப்பாளியை வேலிக்கு வெளியே இருந்து யாராவது எடுத்துப் போவார்கள். சாவி யாரிடம், எந்த மூலை யாருக்கு, பூச்சி மருந்து அடிக்கலாமா கூடாதா என்ற சின்னச் சின்ன அரசியல் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வேலை செய்யாமல் பறிக்க மட்டும் வருபவர்களும் உண்டு. இதெல்லாம் எரிச்சலாக இருக்கும் என்பவர்களுக்குப் பூங்காப் பாத்தியே மேல். அங்கே பேச்சு வேண்டுமென்றால் பேசலாம், வேண்டாமென்றால் தலையைக் குனிந்து களை பிடுங்கலாம்.

இரண்டுக்கும் பொதுவான எதிரிகள் ஆப்பிரிக்க நத்தையும் காட்டுக்கோழியும். சில பேட்டைகளில் சுற்றித் திரியும் கோழிகள் புதிதாக விதைத்த கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டுத்தான் ஓயும். முளைக்கும் வரை வலை போட்டு மூடுவதைத் தவிர வழியில்லை. நத்தையை அந்தி சாய்ந்தபின் கைவிளக்கோடு போய்ப் பொறுக்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் என்பதால் திறந்த பாத்தியில் உரம் வேகமாகக் கரைந்து போகும். ஒரே நாளில் நிறையப் போடாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக மண்புழு உரம் போடுவதே சரி. டிசம்பர், ஜனவரி அடைமழையில் கீரை விதைப்பதை நான் நிறுத்திவிடுவேன், விதை அடித்துக்கொண்டு போகும்.

மல்லிகை கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாழ்வாரத்தில் இலை இலையாகத் தழைத்து நிற்கும் மல்லிகையை நிறையப் பார்த்திருக்கிறேன், பூத்துப் பார்த்தது கிழக்கு, மேற்குப் பக்கங்களில்தான். முழு வெயிலில் நின்றால்தான் மொட்டு வரும், பூத்து முடிந்ததும் கிளையை வெட்டிவிட்டால்தான் அடுத்த சுற்றுக்கு வரும். ஒரு தொட்டி பூவில் ஒரு முழம் தேறாது. சாமி படத்துக்கு இரண்டு பூ, அவ்வளவே. தலைக்கு வைக்க லிட்டில் இந்தியாவில் வாங்கிக்கொள்ளுங்கள். தினப் பூசைக்குச் செம்பருத்தியும் சங்குப்பூவும் குறைந்த உழைப்பில் அதிகம் தரும். சங்குப்பூவில் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீல நிறம் எடுக்கலாம் என்பதால் பெரனாக்கான் (சீன, மலாய் மரபு கலந்த) அண்டை வீட்டார் இருந்தால் பண்டமாற்றுக்கும் ஆகும்.

யாருக்கு எது?

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவோம் என்றால் தாழ்வாரம் மட்டும் போதும். தொட்டி ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்: கறிவேப்பிலை, பாண்டான், துளசி, மிளகாய், தவசி முருங்கை. கடைசிச் செடியைப் பலர் கண்டுகொள்வதில்லை. தண்டை ஒடித்துக் குத்தினாலே வேர்விடும், நிழலிலும் வளரும். முட்டையோடு வதக்கினால் பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். அப்படிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போன சம்பவங்கள் தைவானில் நடந்திருக்கின்றன. நன்றாகச் சமைத்தே சாப்பிடுங்கள்.

வீட்டில் ஓய்வுபெற்ற அப்பாவோ அம்மாவோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சமூகத் தோட்டம். காய் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, காலையில் இறங்கிப் போக ஓர் இடமும் பேச நாலு பேரும் கிடைப்பார்கள். உயர்த்திக் கட்டிய பாத்தி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முட்டிவலிக்காரர்கள் குனிந்து களை எடுத்தால் ஒரே வாரத்தில் நின்றுவிடுவார்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை மாலை நேரம் கிடைக்கும், பக்கத்திலேயே பாத்தி உள்ள பூங்காவும் இருக்கிறது, தன் இஷ்டத்துக்கு வளர்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பூங்காப் பாத்திக்கு நிகர் எதுவும் இல்லை. பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம். மலேசியாவிலிருந்து வரும் கீரைக் கட்டின் விலையோடு நம் பாத்தி எந்தக் காலத்திலும் போட்டி போட முடியாது.

ஷிப்ட் வேலைக்காரர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களும் பெரிய தொட்டி, பெரிய செடி எதிலும் இறங்காமல் வெந்தயக்கீரையும் கங்கோங்கும் போடலாம். ஒரு மாதத்தில் பலன் தெரிந்துவிடும், வீடு மாறும்போது தூக்கிப் போக எதுவும் இராது.

பாத்திக்கு விண்ணப்பிப்பவர்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் குலுக்கல் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பெயர் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தாழ்வாரத்தில் கறிவேப்பிலையை வைத்துவிடுங்கள். பாத்தி கிடைத்தாலும் அதை அங்கே மாற்ற வேண்டியதில்லை.